நாம்பன் வீட்டுக்கு வந்த பசு

போன கிழமை எங்கள் வீட்டுப் பசு விடியற்காலையிலேயே கத்தத் தொடங்கிவிட்டது. மருமகன் தொலைபேசியை எடுத்து யாருடனோ கதைத்தார். தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் மோட்டார் சைக்கிளில் ஒரு பொடியன் வந்து இறங்கினான். பின்னால் ஒரு குடுவை கட்டியிருந்தது. மூடியைத் திறந்தால் புகை வருகிறது. ஆனால் சூடில்லையாம், அத்தனையும் குளிராம். கையில் முழங்கைக்கு மேலே வரை ஒரு பிளாஸ்ரிக் உறை. என் மகள் பசுவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, போனமுறை தங்கேல்லை. இந்தமுறை நல்ல இனமாப் பாத்துப் போடுங்கோ" என்று புடவைக்கடையில் சீலை கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமோ? ஒருவரும் சொல்லாமலே எழும்பி உள்ளே போய், குசினிக் கதவைச் சாத்திவிட்டேன்.

பொடியன் போன பிறகு மகள் வந்து தட்டினாள். "என்னம்மா, பட்டப்பகலில கதவைப் பூட்டிக்கொண்டு?"

"ஒண்டுமில்லை, புகை" என்றேன்.

காஸ் அடுப்பில் எங்கே புகை! அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள். எண்பதை எட்டிப் பிடிக்கப்போகிற மனுசி, நாலு பிள்ளை பெற்றவள், மாட்டுக்குச் சினை ஊசி போடுகிற பொடியனைக் கண்டு ஒளிக்கிறேன் என்றால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்கும் வந்தது. பிறகு அந்தச் சாத்தின கதவுக்குப் பின்னால் நின்று கொஞ்சநேரம் அழுதேன். அதற்கான காரணத்தை மகளுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆட்களுக்கு முன்னால் கதைக்க எனக்கு எப்போதும் கூச்சம். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை இது, பேனையைப் பிடித்தாலும் அகப்பை பிடித்த மாதிரித்தான் இருக்கும். ஆனாலும் எழுதும்போது எதிரில் நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டால் கொஞ்சம் வருகிறது.

எங்கள் வீட்டுக்கு ஒரு பெயர் இருந்தது. நாம்பன் வீடு. நாம்பன் என்றால் எங்கள் பக்கத்தில் காளைமாடு. ஏருக்கும் வண்டிலுக்கும் கட்டுகிற எருதல்ல, பசுக்களுக்கு விடுகிற முழுக்காளை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஐயா எங்களைக் கூட்டிக்கொண்டு வடமராட்சியிலிருந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றத் திட்டத்துக்கு வந்தார். காட்டை வெட்டி, வாய்க்கால் வெட்டி, குடும்பத்துக்கு ஒரு துண்டு வயலும் மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். எல்லாரும் சட்டி பானையோடு ஒரு பசுவையும் கொண்டுவந்தார்கள். நாம்பனைக் கொண்டுவர ஒருவருக்கும் தோன்றவில்லை. பிறந்த ஊரில் யாரோ ஒருவர் வீட்டில் அது எப்போதும் நின்றது, அதனால் அது ஒரு பொருட்டாகப் படவில்லை. வந்து இரண்டு வருசத்தில் பசுக்களெல்லாம் பால் வற்றி நின்றன. நாம்பன் தேடிக் கத்துகிற பசுவை அவிழ்த்துவிட்டால் காட்டுக்குள் ஓடும். சில திரும்பி வரும். சிலவற்றைச் சிறுத்தை தின்ற மிச்சத்தில்தான் காண்போம்.

எங்கள் ஐயா மட்டும் தாய் செத்த ஒரு நாம்பன் கன்றை வண்டிலில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஆனையிறவைத் தாண்டும்போது அது அக்காவின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்ததாம். நான் அப்போது கைக்குழந்தையைவிடக் கொஞ்சம்தான் பெரிசு, எனக்கு ஞாபகமில்லை. அக்கா தவமணிக்குப் பதினொரு வயதிருக்கும். கஞ்சித் தண்ணியைச் சிரட்டையில் ஊற்றி, அதில் விரலை வைத்துச் சூப்பக் கொடுத்து வளர்த்தா. அதன் நிறம் மேகம் கறுக்கத் தொடங்குகிற நேரத்துச் சாம்பல். மயிலன் என்று பெயர் வைத்ததும் அக்காதான்.

மயிலன் வளர்ந்து திமில் சரிந்து நிற்கத் தொடங்கினபோது குடியேற்றத்துப் பசுக்களெல்லாம் எங்கள் வாசல் படலைக்கு வரத் தொடங்கின. ஐயா ஒருவரிடமும் காசு வாங்கவில்லை. வாங்கினால் பசுவின் வயிற்றில் தங்காது என்பது அவருடைய நம்பிக்கை. வெள்ளாமை வெட்டினபிறகு ஒரு கட்டு வைக்கோல் கொண்டுவந்து போரில் போடவேண்டும். கன்று போட்டால் முதல் கடும்பு கொண்டுவந்து தரவேண்டும். அவ்வளவுதான் முறை. கடும்பு என்றால் கன்று போட்ட பசுவின் முதற்பால், மஞ்சளாக, கட்டியாக இருக்கும். பனங்கட்டி போட்டு அம்மா அவித்தால் வாயில் வைக்கக் கரையும். ஊரில் எந்தப் பசு கன்று போட்டாலும் முதல் ருசி எங்கள் நாக்குக்குத்தான். இப்போது கடையில் விதவிதமாகப் பெட்டியில் விற்கிறார்கள், பேரப்பிள்ளைகள் வாங்கித் தருகிறார்கள். நான் தின்றுவிட்டு நல்லாயிருக்கு என்று சொல்கிறேன். என்ன சொல்ல?

இன்னொரு முறையும் இருந்தது. பசுவைக் கொண்டு வருகிறவர் படலைக்கு வெளியே பாலை மரத்தடியில் நின்று செருமுவார். அந்தச் செருமல் கேட்டதும் அம்மா எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிடுவா. பொம்பிளைகள் நின்று பார்க்கிற காரியமில்லை அது. ஐயாதான் மயிலனைப் பாலை மரத்தடிக்குக் கொண்டுபோவார். எல்லாம் முடிந்து பசுவின் முதுகில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டபிறகுதான் கதவு திறக்கும். உள்ளே நாங்கள் என்னதான் செய்வோம்? அம்மா தேவையில்லாமல் அரிசி புடைப்பா. அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பா. எனக்கு ஒன்றும் விளங்காது. பாலை மரத்தடியில் மாடுகளுக்குக் கணக்குப் பாடம் நடக்கிறது என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் புதிதாக வந்த வாத்தியார் ஒவ்வொருவராக எழுப்பி, தகப்பன் என்ன செய்கிறார் என்று கேட்டார். என்முறை வந்தது. எழும்பி நின்று, பெருமையாக, "எங்கட ஐயா நாம்பன் வைச்சிருக்கிறார்" என்றேன். வகுப்பே சிரித்தது. வாத்தியாரும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு பொடியன்கள் என்னைக் கண்டால் "ம்மா…" என்று கத்துவார்கள். நான் கதைக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நான் நான்காம் வகுப்புப் படித்த வருசம் ஐயா வைக்கோல் போரிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். முறிவுப் பரியாரியார் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, எழும்பக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். சாக்குக் கட்டிலில் கிடந்த ஐயாவுக்கு இரண்டு கவலை. ஒன்று மயிலன். மற்றது அக்கா. அக்காவுக்கு இருபது நெருங்கிவிட்டது. எங்கள் வீட்டில் ஆம்பிளைப் பிள்ளை இல்லை.

மயிலன் ஐயாவையும் அக்காவையும் தவிர வேறு ஒருவரையும் கிட்ட எடுக்காது. பக்கத்துக் காணி அன்னம்மாக்காவின் புருசன் ஒருநாள் தான் பிடிக்கிறேன் என்று மீசையை முறுக்கிக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் முருங்கை மரத்தில் நின்றார். அதற்குப் பிறகு முருங்கைக் கொப்போடு நிலத்தில் கிடந்தார். "நாம்பன் பிடிக்கப்போய் முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டு வந்திட்டார் எங்கட மனுசன்" என்று அன்னம்மாக்கா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தா. ஆனால் அவவுக்குத்தான் சிரிக்க நேரமில்லை. மடியில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒன்று. வீட்டில் ஒரு சொட்டுப் பால் இல்லை. அவவின் செங்காரிப் பசு கத்திக் கத்தி இரண்டு முறை வீணாய்ப் போய்விட்டது.

இந்த நேரத்தில்தான் பரந்தனிலிருந்து அக்காவுக்குச் சம்பந்தம் பேசி வந்தது. நாலு கட்டை, அதாவது நாலு மைல் தூரம். வயல்காரர், எங்களைப் போல வடமராட்சியிலிருந்து வந்தவர்கள். நல்ல இடம் என்று தரகர் சொன்னார். ஐயா கட்டிலில் கிடந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். பின்னேரம் பெண் பார்க்க வருவதாக ஒரு நாள் குறித்தார்கள்.

அன்றைக்கு அம்மா குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தா. அக்காவுக்குக் கத்தரிப்பூ நிறச் சீலை. தலைக்குப் பூ வைத்துவிட்டது நான். அந்த நேரம் பார்த்துப் படலையடியில் அன்னம்மாக்காவின் சத்தம். செருமவுமில்லை ஒன்றுமில்லை. நேரே உள்ளே வந்து கட்டிலடியில் நின்றா.

"அண்ணை, செங்காரி கத்துது."

"இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. ஆக்கள் வருகினம்" என்றார் ஐயா. "நாளைக்குப் பாப்பம்."

"நாளைக்குப் பாப்பமெண்டு மாட்டுக்குச் சொல்லேலுமோ அண்ணை? இந்தமுறையும் போச்செண்டால் என்ர பிள்ளையளுக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது? தண்ணியையோ?"

ஐயா கண்ணை மூடிக்கொண்டார். அன்னம்மாக்காவின் இடுப்பிலிருந்த பிள்ளை வடை வாசத்துக்கு வாயை வாயை ஆட்டியது. அம்மா ஒரு வடையைப் பிய்த்து அதன் கையில் கொடுத்தா. அப்போது அக்கா எழும்பினா. சீலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "அவை பின்னேரம்தானே வருகினம். நான் பிடிச்சு விட்டிட்டு வாறன்" என்றா.

"எடி, உனக்கென்ன விசரே?" என்றா அம்மா.

"மயிலன் என்ர சொல்லுக் கேக்கும் அம்மா."

ஐயா ஒன்றும் சொல்லவில்லை. ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதைத்தான் பிறகு தன் ஆயுள் முழுக்கச் சுமந்தார்.

பரந்தன்காரர் ராகுகாலத்துக்கு முந்திப் படலை தாண்டவேண்டும் என்று நேரத்தோடு வெளிக்கிட்டுவிட்டார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. கூடாரம் போட்ட வண்டில் எங்கள் ஒழுங்கையில் திரும்பினபோது, பாலை மரத்தடியில் எல்லாம் முடிகிற நேரம். அக்கா இரண்டு கையாலும் மயிலனின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையில் பூவும் முகத்தில் வியர்வையுமாக நின்றா. நான் படலை இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை உள்ளே இழுக்க அன்றைக்கு ஒருவருக்கும் கை ஒழியவில்லை.

மயிலனைக் கண்டதும் வண்டில் மாடுகள் மிரண்டு பின்வாங்கின. வண்டில் ஓட்டிக்கொண்டு வந்த பொடியன் குதித்து இறங்கி மாடுகளின் தலைக்கயிற்றைப் பிடித்தார். அக்கா நிமிராமல் சொன்னா:

"வண்டிலைக் கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ. இவன் குழப்படி."

அவர் வண்டிலைப் பின்னுக்கு எடுத்துவிட்டு ஓடிவந்து எங்கள் படலையைத் திறந்து பிடித்தார். அக்கா மயிலனைக் கூட்டிக்கொண்டு அவரைத் தாண்டிப் போகும்போது, "நல்ல மாடு" என்றார்.

"ஓம்" என்றா அக்கா.

மாப்பிள்ளை அவர்தான் என்பது அக்காவுக்கு அப்போது தெரியாது. வண்டிலுக்குள் இருந்த தாய்க்காரி சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தா.

உள்ளே வந்து இருந்தார்கள். தாய்க்காரி கதிரையின் நுனியில் இருந்து, தேத்தண்ணியை இரண்டு மிடறு குடித்து, வடையில் பாதியை வைத்துவிட்டு எழும்பினா. அக்காவை ஒரு கேள்வி கேட்கவில்லை. "சொல்லி அனுப்புறம்" என்றா. மாப்பிள்ளை வெளியே மயிலனைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாய் கூப்பிட்டபிறகுதான் வந்து வண்டிலில் ஏறினார்.

சில நாள் கழித்துத் தரகர் வந்தார். வந்தவர் இருக்கவில்லை.

"பெட்டையில ஒரு குறையும் சொல்லேல்லை, அண்ணை. ஆனா…"

"சொல்லும்."

"நாம்பன் பிடிக்கிற பெட்டை தங்கட வீட்டுக்குச் சரிவராதாம்."

ஐயா கூரை வளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். குசினிக்குள் அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. துருவுகிற சத்தம் நிற்கவில்லை. அதனால் அவவுக்குக் கேட்கவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். பிறகு பார்த்தால் சிரட்டையையும் சேர்த்துத் துருவி வைத்திருந்தா.

ஐயா பொல்லூன்றி நடக்கத் தொடங்கினதும் செய்த முதல் வேலை, நலமடிக்கிறவரைக் கூட்டி வந்ததுதான். நலமடிக்கிறது என்றால் காளையை எருதாக்குகிறது. எழுதக் கூசுகிறது, இதற்கு மேல் விளக்கமாட்டேன். மயிலனுக்கு விளங்கிவிட்டதோ என்னவோ, அந்த மனிதரைப் படலைக்குள்ளேயே விடவில்லை. கொம்பைத் தாழ்த்திக்கொண்டு நின்றது.

"மாடு என்ன செய்தது ஐயா?" என்று அக்கா கேட்டா. ஐயாவிடம் அவ கேள்வி கேட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை.

"மாடு ஒண்டும் செய்யேல்லைப் பிள்ளை. செய்தது நான்தான். இனியாவது இந்த வீட்டுக்கு அந்தப் பேர் இல்லாமல் போகட்டும். உனக்கொரு வழி பிறக்கட்டும்." மயிலனைப் பார்க்காமல் சொன்னார்: "நீ கூப்பிட்டாத்தான் படுக்கும்."

அக்கா சீலைத் தலைப்பை இடுப்பில் செருகினா. பிறகு கிட்டப்போய், "மயிலா, வா, படு" என்றா. அது முன்னங்காலை மடித்து, பின்னங்காலை மடித்து, கன்றாக இருந்தபோது படுத்த மாதிரியே அவவின் காலடியில் படுத்தது. நலமடிக்கிறவரோடு வந்த நாலு பேர் பாய்ந்து கயிறு போட்டார்கள். அது அக்காவைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. அக்கா அதன் தலையைப் பிடித்திருந்தா, கடைசிவரைக்கும் விடவில்லை. முடிந்தபிறகு கையைக் கழுவிவிட்டு உள்ளே போய், அன்றைக்கு ஒருவரும் செருமாமலே கதவைத் தானே சாத்திக்கொண்டா.

பசு கொண்டு வந்தவர்களை ஐயா படலையிலேயே திருப்பி அனுப்பினார். சிலர் கோபித்தார்கள், சிலர் பரிதாபப்பட்டார்கள். கடும்பு வருவது நின்றது. அன்னம்மாக்கா மட்டும், செங்காரி கன்று போட்டபோது ஒரு செம்பில் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, "என்னாலதானே மோனை" என்று அழுதா. "சும்மா போங்கோ அக்கா, பிள்ளையள் குடிக்கட்டும்" என்று அக்கா அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டா. பெயர் மட்டும் போகவில்லை. ஒரு மாடும் கத்தாத படலையைக் காட்டி, நாம்பன் வீடு என்றுதான் தொடர்ந்தும் சொன்னார்கள்.

இனி நான் சொல்லப்போவது, அந்தக் குசினிக் கதவுக்குப் பின்னால் என்னை அழவைத்த கதை.

அடுத்த காலபோக நெல் வெட்டி முடிந்திருந்த நேரம். வயலெல்லாம் வெறும் தாள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. ஐயா முற்றத்தில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார். நான் கிணற்றடியில். பாலை மரத்தடியில் ஒருவர் செருமினார். கேட்டு எவ்வளவோ நாளான அந்தச் சத்தத்துக்கு எங்கள் கால்கள் பழகித்தான் இருந்தன. அம்மாவும் அக்காவும் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நான் கையில் வாளியோடு நின்றுவிட்டேன்.

பரந்தன் மாப்பிள்ளை ஒரு பசுவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

உடம்பில் மடிப்புக் குலையாத மினுக்கின வெள்ளைச் சேட்டு. நனைத்துச் சீவின தலை. பசுவையும் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் பூசியிருந்தார். நாலு கட்டைப் புழுதியில் மாடு நடத்திக்கொண்டு வருகிற ஆள் ஏன் மினுக்கின சேட்டுப் போட்டிருக்கிறார் என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"ஆர் தம்பி?" என்றார் ஐயா. ஆளைத் தெரிந்துகொண்டுதான் கேட்டார்.

"பரந்தனில இருந்து வாறன் ஐயா. அண்டைக்கு வண்டில் கொண்டந்தனான்."

"ஓம். என்ன விசயம்?"

அவர் பசுவைப் பார்த்தார், நிலத்தைப் பார்த்தார். "மாட்டைக் கொண்டந்தனான். உங்கட நாம்பனுக்கு…"

ஐயா கத்தியைக் கீழே வைத்தார். அவர் சத்தம்போட்டுக் கதைக்கிற மனிதரல்ல. அன்றைக்கும் சத்தம் போடவில்லை.

"எங்கட பிள்ளை உங்கட வீட்டுக்குச் சரிவராது. எங்கட நாம்பன் மட்டும் உங்கட மாட்டுக்குச் சரிவருமோ?"

"ஐயா, அது நான் சொன்ன சொல்லில்லை. அம்மா…"

"அந்தா நிக்குது உங்கட நாம்பன்." பொல்லால் மாட்டுக் கொட்டிலைக் காட்டினார். மயிலன் திமில் வற்றி, வைக்கோலைச் சப்பிக்கொண்டு நின்றது. "வண்டில் மாடாக்கியாச்சு. இந்த வீட்டில இனி நாம்பனில்லை. போய் உங்கட அம்மாட்டைச் சொல்லும்."

அவர் கொட்டிலைப் பார்த்தபடி நின்றார். முகம் எப்படி மாறினது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு என்னிடம் திரும்பி, "பிள்ளை, மாட்டுக்குக் கொஞ்சம் தண்ணி வைப்பியளோ?" என்று கேட்டார். என்னை ஒருவர் பன்மையில் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. வாளியை வைத்தேன். பசு குடித்தது. அவர் குசினிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். கதவு திறக்கவில்லை. எப்படித் திறக்கும்? செருமினபிறகு திறக்கிற கதவில்லையே அது.

பசு குடித்து முடித்ததும், "அப்ப வாறன் ஐயா" என்றார். ஐயா கத்தியை எடுத்துத் திரும்பவும் பிடியைச் செதுக்கத் தொடங்கினார். படலையைத் தானே திறந்து, தானே சாத்திக்கொண்டு போனார்.

அவர் ஒழுங்கை முடக்கில் மறைகிற அளவுக்கு நேரம் போயிருக்கும். கதவு திறந்தது. கதவு இடுக்கால் பார்த்துக்கொண்டு நின்ற அக்கா வாசலுக்கு வந்து சொன்னா:

"ஐயா, அது சினை மாடு."

"என்னது?"

"அது வயித்தில கண்டோட நிக்குது. வயிறு இறங்கி, மடி வைக்கத் தொடங்கீட்டுது. நீங்கள் பாக்கேல்லையே?"

படலையடியில் வரும்போதே எந்தப் பசுவுக்கு எத்தனை மாதம் என்று சொல்லக்கூடியவர் எங்கள் ஐயா. அன்றைக்கு அவர் பசுவைப் பார்க்கவில்லை. அந்தப் பொடியனின் முகத்தில் அவனுடைய தாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சினையாய் நிற்கிற பசுவை ஒருவரும் நாம்பனுக்குக் கொண்டுவரமாட்டார்கள். மாட்டுக்கு அவர் வரவில்லை. பெண்ணிருக்கிற வீட்டுக்கு ஓர் இளந்தாரி தனியே காரணமில்லாமல் வரமுடியாது. எங்கள் வீட்டுக்கு வருவதற்கு ஊரறிந்த காரணம் ஒன்றுதான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

ஐயா பொல்லைத் தேடாமல் எழும்பினார். ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு படலைவரை போய், "தம்பி! தம்பி!" என்று கூப்பிட்டார். புழுதிதான் தெரிந்தது. திரும்பி என்னைப் பார்த்து, "ஓடு மோனை, ஓடிப்போய்க் கூட்டிவா" என்றார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டா. "என்னப்பா நீங்கள்! பொம்பிளைப் பிள்ளையை ரோட்டில விட்டு ஆம்பிளையைக் கூப்பிடுறதோ? இதுவரைக்கும் வாங்கின பேர் காணாதோ? நாளைக்குத் தரகரை அனுப்புவம். முறையாக் கேப்பம்."

ஐயா யோசித்தார். அம்மா சொன்னதிலும் ஒரு பிழையில்லை. இப்போது நினைத்தாலும் பிழை சொல்ல எனக்கு வரவில்லை. அக்கா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. அன்றைக்கு அவவின் முகம் ஒருவிதமாக மலர்ந்து வெளித்திருந்தது. மூன்று பேரும் அன்று சோறு தின்னும்போது ஒருவரையொருவர் பார்க்காமல் சிரித்துக்கொண்டார்கள். அம்மா எனக்கு இரண்டாம் முறை கேட்காமலே மீன் துண்டு வைத்தா. எங்கள் வீடு கடைசியாகச் சந்தோசமாக இருந்தது அந்தச் சாப்பாட்டுக்குத்தான்.

தரகருக்கு வேறு இடத்தில் கலியாண அலுவல். அவர் பரந்தனுக்குப் போய்வர அந்தக் கிழமை முடிந்துவிட்டது. வந்தவர் இந்தமுறை கதிரையில் இருந்தார்.

"பொடியனுக்குக் கலியாணம் முற்றாகீட்டுது அண்ணை. பளைப் பக்கம். தாய் கனநாளாக் கேட்டு நிண்ட இடம். பொடியன்தான் மாட்டனெண்டு நிண்டவனாம். போன கிழமை ஒருநாள் எங்கையோ மாடு கொண்டு போட்டு வந்தவன், அண்டைக்குப் பின்னேரமே தாயைக் கூப்பிட்டு, உங்கட விருப்பம்போலச் செய்யுங்கோ எண்டிட்டானாம்." தரகர் வெற்றிலையை மடித்தார். "அதென்ன மாட்டுக் கதையோ எனக்கு விளங்கேல்லை."

எங்களுக்கு விளங்கினது. ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அக்காவுக்கு இடங்கள் வராமலில்லை. ஒவ்வொன்றுக்கும் "பிறகு பாப்பம்" என்றா. பிறகு என்னுடைய கலியாணம் வந்தது. அம்மா செத்துப்போனா, பிறகு ஐயாவும் போனார். போகும்வரைக்கும் ஐயா அக்காவை நேரே பார்த்துக் கதைத்ததில்லை. சுவரைப் பார்த்தபடி "பிள்ளை, தண்ணி" என்பார். அக்கா கொண்டுவந்து கொடுப்பா. மயிலன் கிழமாகி, பல் தேய்ந்து, அக்கா நறுக்கிப் போட்ட புல்லைத் தின்று, ஒரு மாரிக்குக் கொட்டிலிலேயே கண்ணை மூடியது. வயல் விதைப்பு, அறுப்பு, சூடடிப்பு எல்லாம் அக்கா தனியே நின்று பார்த்தா. என் பிள்ளைகளுக்கு அவ பெரியம்மா. அவர்களுக்கு இந்தக் கதை தெரியாது.

கடைசிப் பெரிய இடப்பெயர்வுக்கு முந்தின வருசம் அக்கா படுக்கையில் விழுந்தா. அந்த ஓட்டத்தைக் காணாமல் போனது ஒரு புண்ணியம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொல்கிறேன். ஒருநாள் மத்தியானம் நான் அவவுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். நித்திரை என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமல் கேட்டா:

"சின்னவள், அது என்ன கண்டு போட்டிருக்கும்? நாகோ, நாம்பனோ?"

எது என்று நான் கேட்கவில்லை. ஐம்பது வருசத்துக்குக் கிட்ட, ஒருநாள்கூட அவ அந்தப் பசுவின் கதையை எடுத்ததில்லை.

"நாகாத்தான் இருக்கும், பெட்டைக் கண்டு" என்றேன்.

"ம்" என்றா. "நல்ல பசு. கொம்புக்கும் எண்ணெய் பூசிக் கொண்டந்தவர்."

அதற்குப் பிறகு அதைப்பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த மாதம் அவவும் இல்லை.

மீள்குடியேறி வந்தபிறகு ஒரு தடவை பேருந்து பரந்தன் சந்தியில் நின்றபோது, ஏதோ வேலையிருப்பதுபோல இறங்கிவிட்டேன். தெருவுக்கு இரண்டு பக்கமும் புதுக் கடைகள். பழைய வயல்காரர் வீடுகள் இருந்த பக்கம் போனேன். ஒரு வேலி, ஒரு கிணற்றுக்கட்டுக்கூட மிச்சமில்லை, எருக்கலையும் நாயுண்ணிப் பற்றையும்தான். புதிதாகக் கொட்டில் போட்டிருந்த ஒரு பெண்பிள்ளை வெளியே வந்து, "ஆரைத் தேடுறியள் அம்மா?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

எனக்கு வாய் வரவில்லை. கூச்சம் ஒரு காரணம். மற்றது, அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் வீட்டில் அவருடைய பெயரை ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. தரகர் பொடியன் என்றார், ஐயா தம்பி என்றார், அம்மா பரந்தன்காரர் என்றா. அக்கா ஒன்றும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது அவர்கள் ஒருவரும் இல்லை. அந்தப் பிள்ளையிடம் நான் எந்தப் பெயரைச் சொல்லி விசாரிக்கிறது?